டயரின் காற்றழுத்தமும் ஆய்வு முறைதான்

ஆய்வேடுகளில் ‘ஆய்வு முறை’ என்றோர் இயல் உண்டு. மண்மாதிரி எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது, எந்தச் சல்லடையில் சலிக்கப்பட்டது, எந்தக் கருவியால் அளக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இடம்பெறும். அந்த மண் கிடந்த இடத்துக்கு ஆய்வாளர் எவ்வாறு சென்று சேர்ந்தார் என்பது மட்டும் இடம்பெறாது. மிஞ்சினால் நன்றியுரையில் ஓட்டுநருக்கு ஒரு வரி இருக்கும். இப்பதிவு அந்த விடுபாட்டைப் பற்றியது; குறிப்பாகச் சொன்னால், ஒரு பிக்கப் வண்டியின் டயர்களையும் அவற்றுள் இருக்கவேண்டிய காற்றையும் பற்றியது. சற்று நீளமானது. கள ஆய்வுக்குச் செல்லவிருக்கும் இளையோர் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

என் ஆய்வுக்களம் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டம். பாறைச் சரிவில் வழிந்தோடும் மழைநீரை நீண்ட மண்கரையால் மறித்து, நீர் வடிந்தபின் எஞ்சும் ஈரத்தைக் கொண்டே கோதுமையும் கடலையும் விளைவிக்கும் ‘கடீன்’ என்னும் பழைய வேளாண்முறை அங்கே உண்டு. அக்கடீன்களில் ஆண்டாண்டாகப் படிந்த வண்டலையே ஆராய்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் துறையின் பிக்கப் வண்டிக்குப் புதிய டயர்கள் வாங்கவேண்டி வந்தபோது, தொழில்நுட்பக் குறிப்பு எழுதும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கொள்முதல் குழுவில் ஒருவர் கேட்டார்: “வண்டியோடு வந்த டயரே மலிவாகக் கிடைக்கிறதே, வேறு எதற்கு?” நியாயமான கேள்விதான். அதற்கு நான் எழுதிக் கொடுத்த விடையின் விரிவே இனி வருவது.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஏறத்தாழ 280 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை. நகரைத் தாண்டி உள்ளே திரும்பினால் மஞ்சள் சுண்ணாம்புக்கல் துருத்தி நிற்கும் சரளைத் தரை. அதையும் கடந்தால் சம், குரி ஊர்களின் பக்கத்து மணல். ஒரே பயணத்தில் மூன்று தரைகள். ஒன்றுக்கு உகந்த டயர் மற்றொன்றுக்கு உகந்ததன்று.

சாலை டயரின் பக்கச்சுவர் மெல்லியது. கூரிய கல் அதைக் கிழித்துவிட்டால் பஞ்சர் கடையில் ஒட்டவும் இயலாது; ஸ்டெப்னியை மாட்டிவிட்டால் அதன்பின் கையிருப்பு ஏதும் இல்லை. இளைய ஆய்வாளர்கள் சிலர், பட்டன் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் உள்ள ‘மட் டெரெய்ன்’ டயரை விரும்பினார்கள். அது சேற்றுக்கு உரியது. தார்ச்சாலையில் இரைச்சலிடும், எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் எடுக்கும். எங்கள் பயணத்தின் பெரும்பகுதி தார்ச்சாலையே. வேகமாகச் செல்வதும் எதிரே லாரி வருவதும் அங்கேதான். ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட ‘ஆல் டெரெய்ன்’ டயரே பொருத்தம் என்று எழுதினேன்.

அளவை மாற்றவில்லை. எங்கள் வண்டிக்கு உரியது 245/70 ஆர் 16. அகலம் 245 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 171 மில்லிமீட்டர். ரிம் 16 அங்குலம். தோற்றத்துக்காக 265/70 போட்டால் சக்கரத்தின் விட்டம் 3.7 விழுக்காடு கூடும். அப்போது தூரமானி 100 கிலோமீட்டர் என்று காட்டுகையில் வண்டி உண்மையில் 103.7 கிலோமீட்டர் ஓடியிருக்கும். தூரத்தைக் குறித்துக்கொண்டு இடம் தேடுவோருக்கு இது சிறு பிழையன்று.

அளவையடுத்து வரும் எண் சுமைக் குறியீடு. 111 என்றிருந்தால் அந்த டயர் 1,090 கிலோ வரை தாங்கும். இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ‘எல்டி’ என்று குறித்த இலகு சரக்கு வண்டி டயர்கள் வலிமை மிக்கவை. ஆனால் அதே சுமையைத் தாங்க அவற்றுக்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். அவ்வகை டயரை மாட்டிவிட்டு, கதவுத் தூணில் ஒட்டியுள்ள பழைய எண்ணையே பின்பற்றினால் சுமையேற்றிய வண்டிக்குக் காற்று போதாமற் போகும். அதுபோலவே, டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் ஒரு வரம்பே அன்றிப் பரிந்துரை ஆகாது. ‘டாட்’ என்ற குறிக்குப் பின் முடிவாக வரும் நான்கு இலக்கங்கள் உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மலிவு விலைப்புள்ளியில் பழைய சரக்கு வந்து சேராதிருக்க, இதையும் குறிப்பில் சேர்த்தேன்.

இனி, காற்று.

வண்டியைத் தாங்குவதில் ரப்பரைவிடப் பெரும்பங்கு காற்றுக்கே உரியது. சுமையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஒரு சக்கரத்தின்மேல் 700 கிலோ சுமை, காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ என்று கொள்வோம். தரையைத் தொடும் பரப்பு சுமார் 285 சதுர சென்டிமீட்டர். நாம் ஆய்வேட்டை அச்சிடும் ஏ4 தாளில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பரப்பு சுமார் 550 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. முழுத் தாளுக்குச் சற்றே குறைவு. பக்கச்சுவரின் விறைப்பும் சுமையில் சிறிதைத் தாங்குவதால் இக்கணக்கு தோராயமானதே. ஆயினும் மணலில் சக்கரம் புதைவதற்கும் மிதப்பதற்கும் உள்ள வேறுபாடு, அரைத்தாளுக்கும் முழுத்தாளுக்கும் உள்ள வேறுபாடுதான்.

இதை முறையாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் ரால்ஃப் பாக்னால்ட். பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறியியல் அதிகாரியான அவர், 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலையைக் கடந்தவர். டயரின் காற்றைக் குறைத்து மென்மணலில் ஓட்டுவது அவர் குழுவின் வழக்கமாக இருந்தது. காற்றடி மணலின் இயற்பியலைப் பற்றி 1941இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மணல்மேட்டு ஆய்வாளர்களின் அடிப்படை நூல். மணலில் கார் ஓட்டக் கற்ற மனிதரே மணலின் அறிவியலையும் எழுதினார் என்பது தற்செயலன்று. அவர் சென்றடைய முடிந்த இடங்களிலிருந்துதான் அவருடைய கேள்விகள் பிறந்தன.

நாங்கள் கடைப்பிடிக்கும் எண்கள் இவை. தார்ச்சாலையில், சுமையுடன், பின்சக்கரங்களுக்கு 35. சரளையில் 26 முதல் 28; வேகம் 50 கிலோமீட்டருக்குள். மணலில் 18, வேகம் 30க்குள், கூர்மையான திருப்பம் கூடாது. புதைந்துவிட்டால் மட்டும் 15. அதற்கும் கீழே சென்றால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். உங்கள் வண்டிக்கும் சுமைக்கும் இவை மாறும். பிக்கப் வண்டியில் சுமையேறுவது பெரும்பாலும் பின்சக்கரங்களில். போகும்போது 200 லிட்டர் தண்ணீர், அதாவது 200 கிலோ. நாள்தோறும் அது குறையும், மண்மாதிரி ஏறும். ஆகவே ஒவ்வொரு காலையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

காலை என்பதும் முக்கியம். குளிர்காலத்தில் விடியலில் 8 பாகை, நண்பகலில் 25 பாகை என்றால், விடியலில் 35 ஆக இருந்த அழுத்தம் வண்டி நகராமலே 38 ஆகிவிடும். ஓடினால் இன்னும் ஏறும். சூடான டயரில் அளந்துவிட்டு, “கூடிவிட்டதே” என்று 35க்கு இறக்கினால் மறுநாள் விடியலில் 32தான் இருக்கும்.

எங்கள் ஓட்டுநர் அப்பகுதிக்காரர். நாங்கள் அவரைப் ‘பாய்சா’ என்று அழைப்போம். அவர் மானியைப் பார்ப்பதற்கு முன் இறங்கி, டயர் பதித்த தடத்தைப் பார்ப்பார். தடத்தின் விளிம்பு வெட்டினாற்போல் நின்றால் இன்னும் இறக்கவேண்டும். படர்ந்து கிடந்தால் போதும். எத்தனை பிஎஸ்ஐ என்று கேட்ட மாணவியிடம், “எண்ணைப் பிறகு எழுதிக்கொள் பேட்டா, முதலில் மணல் என்ன சொல்கிறது என்று பார்” என்றார். அவர் சொல்லும் இடத்தில் மானியை வைத்தால் பெரும்பாலும் 17க்கும் 19க்கும் இடையே காட்டும். சக்கரம் வீணாகச் சுழன்றால் தரையின் மேலோடு உடையும் என்பதும், அது கானமயில் எஞ்சியிருக்கும் நிலம் என்பதும் அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தவை.

குழு டயர்களுக்கு இசைந்தது. பட்டியலிலேயே விலை குறைந்த பொருளான 12 வோல்ட் கம்ப்ரஸரை மட்டும் ‘தேவையற்றது’ என்று அடித்துவிட்டது. எனக்கு உண்மையில் கவலை தந்தது அதுவே. காற்றை இறக்க ஒரு குச்சி போதும்; திரும்ப ஏற்றுவதற்குத்தான் கருவி வேண்டும். 18 பிஎஸ்ஐயோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் ஓயாது மடங்கிச் சூடேறும். டயர் வெடித்தால் உள்ளே இருப்பவர்கள் ஐந்து பேர். எனவே கம்ப்ரஸர் இல்லையென்றால் காற்றை இறக்க முடியாது; இறக்காவிட்டால் மணலுக்கு அப்பால் போக முடியாது; போகாவிட்டால் மாதிரிகள் யாவும் சாலையோரத்தவை. இதை இரண்டாம் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். ஒப்புதல் கிடைத்தது.

அந்தப் பயணத்தில் மணலுக்கு அப்பால் மூன்று கடீன்களில் மாதிரி எடுத்தோம். சாலையோரம் நாங்கள் பார்த்த கடீன்களின் கரைகள் பழுதுபார்க்கப்பட்டு, வயல்கள் விளைச்சலில் இருந்தன. உள்ளே இருந்த மூன்றில் இரண்டின் கரை உடைந்து, வண்டல் அரித்துச் செல்லப்பட்டிருந்தது. சாலையோரத்தை மட்டும் கண்டு எழுதியிருந்தால், இவ்வேளாண்முறை நலமாக வாழ்கிறது என்று என் ஆய்வேடு சொல்லியிருக்கும்.

ஆகவே என் ஆய்வு முறை இயலில் ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன்: வண்டியின் வகை, டயரின் அளவு, ஒவ்வொரு தரையிலும் வைத்த அழுத்தம், செல்ல இயலாமற்போன இடங்களின் பட்டியல், வழி தேர்ந்தவரின் பெயர். பெயரை அவருடைய இசைவோடுதான் எழுதினேன். நெறியாளர் ஒருமுறை புருவம் உயர்த்தினார். பிறகு பட்டியலில் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்க்கச் சொன்னார். வேறு நிலங்களில், சேற்றிலோ பனியிலோ கடற்கரையிலோ பணிபுரிவோர் தங்கள் எண்களையும் காரணங்களையும் பின்னூட்டத்தில் எழுதினால், அடுத்து வண்டியேறும் மாணவர்களுக்குப் பயன்படும்.