பழைய பிரவுசரும் அப்பாவின் பாஸ்வேர்டும்

உங்ககிட்ட ஒரு கேள்வி. பிரவுசர் மூலையில் 'அப்டேட்' என்று வந்தால் உடனே அமுக்குவீர்களா, 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விடுவீர்களா? நான் வந்த அப்டேட்டையே கழற்றிப் போட்ட ஆள்.

2023 ஆகஸ்ட், பிளேஸ்மென்ட் சீசன். மறுநாள் காலை ஆன்லைன் டெஸ்ட். ராத்திரி பிரவுசர் தானாவே அப்டேட் ஆச்சு. டெஸ்ட்டுக்கான எக்ஸ்டென்ஷன் கேமராவை எடுக்கவே இல்லை. ரூம்மேட் சொன்னாள்: "ஏய், அன்இன்ஸ்டால் பண்ணிட்டு பழைய வெர்ஷனைப் போடு." போட்டேன். மறுபடி அப்டேட் ஆகாதபடி நிறுத்தியும் வச்சேன். கேமரா வந்துச்சு, டெஸ்ட் எழுதினேன். (முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தது வேற கதை.) அதோடு இந்த விஷயத்தையே மறந்துட்டேன்.

செப்டம்பரில் ஊருக்குப் போனப்ப அப்பா, "பாப்பா, கரண்ட் பில்லைக் கட்டிடும்மா" என்றார். அதே லேப்டாப், அதே பழைய பிரவுசர். அவர் நெட் பேங்கிங் பாஸ்வேர்டை 'சேவ்' பண்ணச் சொல்லிக் கேட்டது, பண்ணினேன்.

ஹாஸ்டலுக்குத் திரும்பின பிறகுதான் அந்தச் செய்தியைப் படித்தேன். வெப்பி படங்களைத் திறக்கும் 'லிப்வெப்பி' என்ற நிரலில் ஓட்டை. அதைத் தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, செப்டம்பர் 11 அன்று குரோமுக்குத் திருத்தம் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாவற்றுக்கும் அடுத்தடுத்து வந்தது. தப்பு எங்கே தெரியுமா? நாம செமஸ்டருக்காக மனப்பாடம் பண்ணின ஹஃப்மன் கோடிங்கில். அந்த அட்டவணைக்கு ஒதுக்கின இடத்தைத் தாண்டி மெமரியில் எழுத வைக்கிற மாதிரி ஒரு படத்தைத் தயாரிக்கலாம். நீங்க எதையும் கிளிக் பண்ண வேண்டாம், படம் திறந்தாலே போதும்.

திருத்தம் வெளிவந்த பிறகு பழைய வெர்ஷனில் இருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். பழைய கோடையும் புது கோடையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, ஓட்டை எங்கே இருந்ததுன்னு யாருக்கும் தெரிஞ்சிடும்.

அன்னைக்கே அப்டேட் பண்ணினேன். சேவ் ஆன பாஸ்வேர்டுகளை அழித்தேன். அன்இன்ஸ்டால் பண்ணினாலே அதெல்லாம் போயிடும்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் அவை புரொஃபைல் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அப்புறம் அப்பாவுக்கு போன் பண்ணி, பாஸ்வேர்டை மாத்தச் சொன்னேன்.

"பணம் ஏதும் போயிடுச்சாம்மா?"

"இல்லப்பா."

"அப்புறம் ஏன் பயப்படுற?"

பதில் சொல்ல முடியல. கதவு பல வாரம் திறந்து கிடந்தது. யாரும் வந்த அடையாளம் இல்லை. யாருமே வரலைன்னும் என்னால் நிரூபிக்க முடியாது. இன்னைக்கும் அப்பா போனில் பேங்க் மெசேஜ் சத்தம் கேட்டா, முதலில் திரும்பிப் பார்ப்பது நான்தான்.

டெஸ்ட்டுக்குப் பழைய வெர்ஷன்தான் வேணும்னா, அதைத் தனியா வச்சுக்கோங்க. அதில் வேற எந்த லாகினும் வேண்டாம். டெஸ்ட் முடிஞ்சதும் தூக்கிடுங்க. இப்போ இதைப் படிக்கிற பிரவுசர் எந்த வெர்ஷன்? ஒரு நிமிஷம் மெனுவைத் திறந்து பாத்துட்டு வாங்க.