குளிருக்கு ஒரு மடக்கு

பட்டிப்பொலயில குடிக்கக் காரணம் தேட வேண்டியதில்ல. 1,891 மீட்டர் உயரம், இலங்கையிலேயே உசரமான ரயில் ஸ்டேசன். "குளிருக்கு ஒரு மடக்கு"ன்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. ஆனா சாராயம் உடம்பைச் சூடாக்குறதில்ல. தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி, உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே விடுது.

ஈரல் கெடும்னு எல்லாருக்கும் தெரியும். புற்றுநோய் வரும்னு எத்தனை பேருக்குத் தெரியும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது 1988இல். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். மது உடம்புக்குள்ளே அசிட்டால்டிஹைடாக மாறி மரபணுவைச் சிதைக்குது. கசிப்பா, கடைச் சாராயமா, பியரா, விஸ்கியா என்பதில் வித்தியாசமே இல்ல. "நல்ல சரக்கு"ங்கிறது வெறும் பேச்சு.

நம்ம லயங்கள்ல இன்னொண்ணும் சேருது: வெத்தல, பாக்கு, பொயில. அதுவும் முதல் வகைதான். மது வாய்த்தோலை இளக்கிவிட, பொயில நஞ்சு லேசா உள்ளே இறங்கும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்தான் என்பதில் ஆச்சரியம் என்ன?

சிகரெட் பெட்டியில 80 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம். சாராயப் போத்தலில் அப்படி ஒரு படமும் கிடையாது. எனக்கு இது அநியாயமாத்தான் படுது.

பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிருச்சு. விட முடியாதவங்க குறைங்க, குறைச்சாலும் பலன் உண்டு. வாயில வெள்ளையோ சிவப்போ படை, மூணு வாரமா ஆறாத புண் இருந்தா, பெரட்டு ஒரு நாள் போனாலும் பரவாயில்ல, ஆஸ்பத்திரி பல் டாக்டரிடம் காட்டுங்க.