கோயிற்சுவரில் ஓர் ஒப்பாரி

கோயிலுக்குள் நுழையும்போது நாம் அமைதியை எதிர்பார்க்கிறோம். ஆனால், இன்றைய தஜிகிஸ்தானில், செரவ்சான் ஆற்றை அடுத்த பண்டைய பஞ்சிகந்த் நகரின் கோயிற்சுவரொன்று நமக்குக் காட்டுவது ஓர் ஒப்பாரியை!

அந்நகரில் வாழ்ந்த சோக்தியர், பட்டுப் பாதை வழியே சீனம்வரை சென்று வணிகம் புரிந்தவர்கள். கோயில்களை மட்டுமன்றித் தம் இல்லங்களையும் வண்ண ஓவியங்களால் அழகுசெய்தவர்கள். 722-ஆம் ஆண்டில் நகரின் அரசன் திவாஷ்திச் அரபுப் படையினரால் கொல்லப்பட்டான். அந்நூற்றாண்டு முடிவதற்குள் நகரும் பாழடைந்தது. 1940-களில் தொடங்கிய அகழாய்வே அச்சுவர்களுக்கு மீண்டும் வெளிச்சம் தந்தது.

ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வோவியம், இன்று ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. குவிமாடம் ஒன்றின்கீழ் ஓர் இளம் உடல் கிடத்தப்பட்டுள்ளது. சூழ நிற்போர் துயரம் தாளாமல் தம் முகங்களைக் கீறிக்கொள்கின்றனர். வியப்பு யாதெனில், தெய்வங்களும் அத்துயரில் பங்குகொள்கின்றன. பல கரங்களுடைய தேவி ஒருத்தியும் அங்கே இருக்கிறாள். இறந்தவர் இளவரசன் சியாவுஷ் என்பர் சிலர். அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

சோக்தியரின் வழிபாடு ஈரானியரின் சரத்துஸ்திர சமயத்தோடு உறவுடையது. அச்சமயத்தின் குருமார்களோ, இறந்தோர்க்காகப் புலம்பி அழுவதைப் பாவம் என்றே போதித்தனர். சோக்திய மக்கள் அழுதனர். அதுவும் தம் தெய்வத்தின் இல்லத்திலேயே அழுதனர். ஆண்டுதோறும் ஒரு மாத இறுதியில் அவர்கள் தம் முன்னோருக்காக முகங்களைக் கீறி அழுது, உணவும் பானமும் படைத்ததை அறிஞர் அல்பிரூனி குறித்துவைத்துள்ளார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. துக்க வீட்டிற்குச் சென்றால், "அழாதீர்கள், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்பதே நம் முதற்சொல். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மாதங்கள் கடந்தும் கண் கலங்கினால், அவளது நம்பிக்கை குன்றிவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். அவளுடைய கண்ணீர் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. அச்சங்கடத்தை மறைக்கவே பலவேளைகளில் ஆறுதல் மொழிகளைத் தேடுகிறோம்.

பெயரறியா அவ்வோவியன் ஆறுதல் மொழி எதையும் தீட்டவில்லை. மனிதர் அழுகையில் தெய்வங்களையும் அருகே நிறுத்தினான், அவ்வளவே. அந்நகரின் மொழியும் வழிபாடும் அங்கிருந்து மறைந்துவிட்டன. ஆயினும் அவன் உணர்ந்த உண்மை மறையவில்லை: அழுவோரை அடக்குவதன்று, அவர்களோடு அழுவதே அன்பின் முதற்கடமை.