இயங்கு புள்ளி

இளங்கலை இயற்பியல் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் யாம் பெற்ற வினா, கோல்பிட்ஸ் அலையியற்றியை அமைத்து அதிர்வெண் காண்பதாகும். சுற்றை இணைத்தோம், அலைகாட்டித் திரையில் தோன்றியதோ அசையாத நேர்கோடு! மின்தூண்டியையும் மின்தேக்கிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் முக்கால் மணி நேரம் வீணாயிற்று. கண்கள் கலங்கின.

“அலை எழாவிடில் அலையைத் தேடாதீர்கள், டிரான்சிஸ்டரின் அமைதி நிலையை அளந்து பாருங்கள்” என்று வகுப்பில் எம் ஆசிரியர் பன்முறை கூறியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கணக்கிட்டோம். மின்வழங்கி 12 வோல்ட். அதனைப் பகுக்கும் தடைகள் 47, 10 கிலோ ஓம். எனவே அடிவாயில் 2.1 வோல்ட். சிலிக்கன் சந்திக்கு 0.7 போக, உமிழ்ப்பானில் 1.4. அங்குள்ள தடை 1 கிலோ ஓம். ஆகவே மின்னோட்டம் 1.4 மில்லி ஆம்பியர். ஏற்பான் தடை 2.2 கிலோ ஓம். அவ்வாறாயின் ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே ஏறத்தாழ 7.5 வோல்ட் இருத்தல் வேண்டும். அளவியோ 0.2 காட்டிற்று! டிரான்சிஸ்டர் தெவிட்டு நிலையில் கிடந்தது. பெருக்கமின்றி அலைவு ஏது?

தடைகளின் வண்ண வளையங்களை நோக்கினோம். ஆரஞ்சு இருக்கவேண்டிய மூன்றாம் வளையம் மஞ்சளாய் இருந்தது. 10 கிலோ ஓமுக்குப் பதிலாக 100 கிலோ ஓம்! மாற்றியவுடன் திரையில் அலை எழுந்தது.

இன்று ஆய்வகத்தில் கலங்கி நிற்கும் மாணவரைக் காணுந்தோறும் அவ்வாசிரியரின் சொல்லையே யாமும் சொல்கிறோம். நிலை சரியாயின் அலை தானே எழும்.