எந்த உறுப்பை விடலாம்?

பாய்ம இயக்கவியல் நூலைக் கையில் எடுக்கும் மாணவர்கள் சமன்பாடுகளைக் கண்டுதான் மிரள்கிறார்கள். பாடம் நடத்தும் எனக்கோ சமன்பாட்டுக்கு முன்னால் வரும் ஒரு வரிதான் முக்கியம். “இந்த உறுப்பு மிகச் சிறியது, விட்டுவிடலாம்” என்று நூலாசிரியர் போகிற போக்கில் சொல்லும் இடம் அது. மாணவர்கள் அதைத் தாண்டி ஓடுவார்கள். நான் அங்கேதான் நிறுத்துவேன். எவ்வளவு சிறியது? எதோடு ஒப்பிட்டால் சிறியது? எந்த ஊரில்?

நீருக்கும் காற்றுக்கும் பொதுவான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. எல்லாச் சூழலுக்கும் பொருந்துமாறு அதைத் தீர்க்கும் வழிதான் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே இத்துறையின் நல்ல நூல்கள் யாவும் எதை விடலாம், எப்போது விடலாம் என்று கற்றுத்தருபவையே. ஹோரஸ் லாம்பின் ‘ஹைட்ரோடைனமிக்ஸ்’ பெரும்பகுதி பாகுநிலை இல்லாத பாய்மத்தையே பேசுகிறது. 1967இல் வெளிவந்த ஜார்ஜ் பேட்சலரின் நூல் பாகுநிலை உள்ள பாய்மத்தை முதலில் விளக்கிவிட்டு, அதை எப்போது மறக்கலாம் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறது. இரண்டில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பேட்சலரையே சொல்வேன்.

வளிமண்டலத்துக்கு வருவோம். ஜேம்ஸ் ஹோல்டனின் பாடநூல் உலகெங்கும் வகுப்புகளில் புழங்குவது. நடு அட்சரேகையில் காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர், காற்றமைப்பின் அகலம் 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு அது ஒவ்வொரு உறுப்பையும் எடைபோடுகிறது. அங்கே காற்றின் முடுக்கம், பூமியின் சுழற்சியால் எழும் கோரியாலிஸ் விசையில் பத்தில் ஒரு பங்குதான். அதை விட்டுவிட்டால் அழுத்தச் சரிவும் கோரியாலிஸும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். அழுத்த வரைபடத்தைப் பார்த்தே காற்றைச் சொல்லிவிடலாம்.

அதே கணக்கைச் சென்னைக்குப் போடச் சொல்வேன். 13 பாகை அட்சரேகையில் கோரியாலிஸ் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. முடுக்கம் அதில் பத்தில் மூன்று பங்காகிவிடுகிறது. கன்னியாகுமரியில் ஏறக்குறையப் பாதி. பாதியைச் சிறியது என்று யார் விடுவார்கள்? நூல் தவறல்ல. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்தும் அந்தச் சுருக்கம் நம் வானத்துக்கு அப்படியே பொருந்தாது, அவ்வளவுதான்.

விடாமல் வைத்துக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட நூல், வானிலையைக் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்லலாம் என்றது. முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் படையில் இருந்தபடியே அவர் கையால் போட்ட கணக்கு, 1910 மே 20 அன்று ஜெர்மனியின் ஓரிடத்தில் ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்றது. உண்மையில் அங்கே அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. தொடக்கத் தரவில் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் இடையே இருந்த சிறு பொருத்தமின்மை, அவர் விடாமல் வைத்திருந்த உறுப்புகளால் வேகமாக ஓடும் ஈர்ப்பலைகளாகக் கிளம்பி விடையைக் கெடுத்துவிட்டது. அந்தத் தோல்வியை அவர் மறைக்காமல் முழுக் கணக்கோடு அச்சிட்டார். அந்த நூலை மாணவர்கள் கையில் கொடுக்க எனக்கு அது ஒன்றே போதும்.

ஜூல் சார்னி அந்த வேக அலைகளுக்கு இடம் தராத எளிய சமன்பாட்டை அமைத்தார். 1950இல் எனியாக் கணினியில் முதல் எண்முறை முன்கணிப்பு வெற்றி பெற்றது. கதை அத்தோடு முடியவில்லை. தொடக்கத் தரவைச் சமன்செய்து கொடுத்தால் ரிச்சர்ட்சனின் முறையே ஏற்கத்தக்க விடை தரும் என்று பிற்காலத்தில் பீட்டர் லிஞ்ச் காட்டினார். ஒருமுறை விட்ட உறுப்பை என்றைக்கும் விட வேண்டியதில்லை.

பருவநிலை மாற்றம் பற்றிய நூல்களையும் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். 1967இல் சியுகுரோ மனாபேவும் ரிச்சர்ட் வெதரால்டும் கிடைமட்டக் காற்றை முற்றிலும் விட்டார்கள். செங்குத்தான ஒரே காற்றுத் தூணை வைத்து, கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் வெப்பநிலை சுமார் 2.3 பாகை செல்சியஸ் உயரும் என்றார்கள். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை சொல்லும் சிறந்த மதிப்பீடு 3 பாகை. அவ்வளவு விட்டும் இவ்வளவு நெருக்கம். ஆனால் வடகிழக்குப் பருவமழை எங்கே கூடும், எங்கே குறையும் என்று அந்தத் தூணிடம் கேட்க முடியாது. காற்றை விட்டபோதே அந்தக் கேள்வியையும் விட்டாயிற்று. பருவநிலை மாதிரியைப் பற்றி மேடையில் சண்டை போடுகிறவர்கள் ‘இது மெய்யா பொய்யா’ என்கிறார்கள். எதை விட்டார்கள், எந்தக் கேள்விக்காக விட்டார்கள் என்பதே கேட்க வேண்டியது.

இத்துறையில் தமிழில் நூல் எழுத முன்வருபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விட்டவற்றின் பட்டியலை முதல் அத்தியாயத்திலேயே கொடுங்கள். எடுத்துக்காட்டுகளை 45 பாகையில் போடாதீர்கள். 13 பாகையில் போடுங்கள்.