இடப்பக்கத்து இடைவெளி

காரோட்டுபவன் தன் பக்கத்தை அறிவான். தலையை வெளியே நீட்டினால் டயர் தெரியும், பாதையும் தெரியும். மறுபக்கத்தை அவன் ஊகிக்கத்தான் வேண்டும். நமது நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம், வாகனம் போவது இடப்பக்கம். ஆகவே ஊகிக்க வேண்டிய அந்தப் பக்கம் எப்போதும் பாதையின் ஓரமாகவே இருந்துவிடுகிறது. கொழும்பில் அந்த ஓரம் நடைபாதைக் கல். பிசகினால் சக்கரத்தில் ஒரு கீறலோடு போய்விடும். பூண்டுலோயாவில் அது ஒன்றில் கான், இல்லையேல் பள்ளம்.

தலவாக்கலையிலிருந்து வரும் பாதையும் சரி, இங்கிருந்து டன்சினன் பக்கமாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையும் சரி, மலையின் இடுப்பைச் சுற்றிக் கட்டிய அரைஞாண் போலப் போகின்றன. (டன்சினன் என்பது ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு குன்றின் பெயர், ஷேக்ஸ்பியரின் மக்பெத்தில் வருவது. எங்கள் சனங்களுக்கு அது ஒரு தோட்டம், ஒரு பெக்டரி, ஒரு நீர்வீழ்ச்சி, அவ்வளவுதான்.) இந்த மலைநாட்டுப் பாதைகளில் பல, கோப்பிக் காலத்து மாட்டு வண்டிகளை மனதில் வைத்து வெட்டப்பட்டவை. பிறகு தார் போட்டார்கள், அகலப்படுத்தினார்கள், மதகு கட்டினார்கள். ஆனால் வளைவுகள் மாட்டின் வேகத்துக்கே வளைந்து நிற்கின்றன. ஏறும்போது இடப்பக்கம் மலையாக இருந்தால், திரும்பி இறங்கும்போது அதே இடப்பக்கம் பள்ளமாகிவிடும். ஒரே பாதைதான். போகும்போது கானுக்குப் பயந்தவன் வரும்போது வேறொன்றுக்குப் பயப்பட வேண்டும்.

மருமகன் கொழும்பிலிருந்து ஒரு டொயோட்டா 86 உடன் வந்து இறங்கியபோது பஸாரே கூடிவிட்டது. சிவப்பு நிறம். நிலத்தோடு ஒட்டினாற்போல் ஒரு உடம்பு. ஹோட்டலில் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தவர்கூட மாவுக் கையோடு வெளியே வந்து பார்த்தார். நுவரெலியாவுக்கு இது புதிதல்ல. 1934 இலிருந்தே மகாகஸ்தொட்டையில் காரோட்டிகள் மலையேறும் போட்டி நடத்தியவர்கள். ஆனால் அங்கே ஒரு கார் போய் முடித்த பின்புதான் அடுத்த காரை விடுவார்கள், பாதையையும் மூடிவிடுவார்கள். எதிரே பஸ் வராது, ஓரத்தில் ஆளும் நடக்காது. பூண்டுலோயாப் பாதை ஒருபோதும் மூடப்படாத பாதை. இங்கே ஓடுவது அங்கே ஓடுவதைவிடக் கடினம் என்று நான் சொன்னால் பந்தயக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். அந்தக் காரின் அகலம் 1775 மில்லிமீற்றர். இருபக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் இரண்டு மீற்றரை நெருங்கும். எதிரே வரும் பஸ் இரண்டரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாதை ஐந்து மீற்றர் என்றால், மிச்சமிருப்பது அரை மீற்றர். அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: பஸ்ஸுக்கு அந்தப்புறம், நடுவில், நமக்கு இந்தப்புறம். ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட வராது. போதாக்குறைக்கு, காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையில் 13 சென்றிமீற்றர்தான். பஸ்ஸும் ஜீப்பும் ஒரு சக்கரத்தைப் புல்லில் இறக்கிவிட்டு ஏறிப் போகும் இடத்தில் இந்தக் கார் இறங்கினால் அப்படியே குந்திவிடும்.

"இடப்பக்கம் எவ்வளவு ஈக்கிதுன்டு எப்பிடி மாமா தெரியும்?" என்று அவன் கேட்டது என்னிடந்தான். நான் அவனை என் மாமாவிடம் அனுப்பினேன். கம்பளைக்கும் பூண்டுலோயாவுக்கும் இடையே முப்பது வருடம் அரிசி லொறி ஓட்டிய மனிதர். இப்போது கண்ணில் புரை, முழங்காலில் வாதம். சுபஹு தொழுதுவிட்டு வந்தவர், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து நாலு வெறும் பிஸ்கட் காட்போட் பெட்டிகள் கொண்டுவரச் சொன்னார்.

பள்ளிவாசல் முன்றலில் அவற்றைத் தட்டையாக்கி வரிசையாக விரித்தார். இடது முன்சக்கரத்தை அவற்றின் மேல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் தடவை நாலும் தப்பின. காருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கலாம். இரண்டாம் தடவையும் அப்படியே. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவனை இறக்கி, சுற்றிப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஆறாவது தடவை இரண்டு பெட்டிகளில் டயரின் அச்சு விழுந்தது.

தப்பியதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டுபவனின் கண் காரின் நடுவில் இல்லை; 35, 40 சென்றிமீற்றர் வலப்புறம் தள்ளி இருக்கிறது. காரின் இடது விளிம்பு அவனிலிருந்து ஒன்றேகால் மீற்றர் தூரம். இந்த மாதிரி தாழ்ந்த காரில் கண் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில்தான் இருக்கும். பொனட்டோ நீளம். அதனால் பக்கத்துத் தரை முழுக்க மறைந்துபோகிறது. தெரிகிற ஓரக்கோடு, பொனட்டின் நடுவிலே வந்து முட்டுவதுபோலத் தெரியும். புதியவன் அதைப் பார்த்ததும் 'ஐயோ, கானுக்கு மேலே போகிறேன்' என்று வலப்பக்கம் ஒடிக்கிறான். உண்மையில் அந்த நேரத்தில் டயருக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு அடி இருக்கிறது. இவன் ஒடித்த பக்கத்தில்தான் எதிரே வருகிற பஸ். நமது பாதைகளில் நடுவால் போகிறவர்களெல்லாம் திமிர் பிடித்தவர்கள் என்று எண்ணியிருந்தேன். பாதிப்பேர் இடப்பக்கத்துக்குப் பயந்தவர்கள்.

மாமா அந்த இடத்தில், பொனட்டின் நடுவுக்கு நேரே, கண்ணாடியின் அடியில் ஒரு சிறு துண்டு டேப் ஒட்டினார். பிறகு ஆசனத்தை இனி ஆட்டக்கூடாது என்றார். அது வெறும் பிடிவாதமல்ல. ஆசனம் சில சென்றிமீற்றர் உயர்ந்தாலும் அந்தக் குறி இடப்பக்கம் நகர்ந்துவிடும். லொறியில் கற்ற கண் காரில் பொய் சொல்வதும், ஒருவருடைய குறி மற்றவருக்கு உதவாமற் போவதும் இதனால்தான். இந்தக் காரைச் செய்தவர்கள் ஒரு உபகாரம் செய்திருக்கிறார்கள்: முன்சக்கரங்களுக்கு மேலே தகடு மேடாக எழும்பி, ஆசனத்திலிருந்தே தெரிகிறது. இடது மேட்டுக்குக் கீழேதான் இடது டயர். மாமாவின் கண்ணில் புரை இருந்தும் அதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

முன்சக்கரம் தெரிந்தால் போதாது. இடப்பக்கம் மடங்கும் வளைவில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இந்தச் சிறிய காரே கொண்டை ஊசி வளைவில் அரை மீற்றர் அளவுக்கு உள்ளே வரும். லொறி என்றால் ஒரு மீற்றர். முன்சக்கரம் கானைத் தப்பிவிட்டது என்று மூச்சு விடும்போதுதான் பின்சக்கரம் கானில் இறங்கும். இடப்பக்கக் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்து வைத்தால் அது தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடி குவிந்தது. கிட்டத்தில் இருப்பதைத் தூரத்தில் இருப்பதாகக் காட்டும்.

மாமாவின் காலத்தில் கண்ணாடியை யார் பார்த்தார்கள்? கிளீனர் இருந்தான். இடது கதவில் தொங்கிக்கொண்டு, தகட்டைத் தட்டித் தட்டிச் சொல்லுவான். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. இன்றும் பஸ்களில் கொண்டக்டர் மிதிபலகையில் நின்று "ஹரி, ஹரி" என்று கத்துவது அதே வேலைதான். சாரதியின் இடது கண் இன்னொருவனின் உடம்பில் இருந்தது. மாமாவின் கிளீனர் தோட்டத்துப் பையன். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் லீவு கேட்பான். முப்பது வருடத்தில் லொறியின் இடப்பக்கத்தில் ஒரு கீறல் விழுந்ததென்றால் அது அவனுக்குக் காய்ச்சல் வந்த கிழமை என்பார் மாமா.

காரில் அந்த இடத்தில் இருப்பது உம்மா, மனைவி, பிள்ளை. பள்ளம் அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. ஸ்டியரிங் அவர்கள் கையில் இல்லை. வாகனத்தில் ஏறியதும் ஓதும் துஆவை எங்கள் வீட்டுப் பெண்கள் பூண்டுலோயாப் பாதையில் இரண்டாந்தரமும் ஓதுவார்கள். வீண் பயம் என்று நாங்கள் சிரிப்போம். 2025 மே 11 ஆம் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலைப் பக்கம் கெரண்டிஎல்லையில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிலிருந்து நான் சிரிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் அமானிதம். அவர் 'ஓரம், ஓரம்' என்று சொன்னால் ஓட்டுபவன் எரிந்து விழக்கூடாது.

ஆனால் அந்த இடைவெளி காருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் உரியதா? எங்கள் பாதைகளில் நடைபாதை கிடையாது. பள்ளிப் பிள்ளைகளும், கொழுந்துக்குப் போகிறவர்களும், விறகு சுமப்பவர்களும் அந்த ஒரு சாணில்தான் நடக்கிறார்கள். நாம் 'இடம் இருக்கிறது' என்று மனக்கணக்குப் போடும்போது அவர்களுடைய இடத்தையும் நம்முடையதாக எண்ணிவிடுகிறோம். கடைக் கொப்பியில் அவர்களுடைய கணக்கைச் சதம் பிசகாமல் எழுதுகிற எங்களுக்கு, பாதையில் அந்தக் கணக்கு வருவதில்லை.

மூன்றாம் நாள் மாலை, மருமகன் ஓட்ட, மாமா இடப்பக்கம் இருக்க, பின்னால் நான் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு டன்சினன் பக்கம் போனோம். ஒரு வளைவில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். காரைக் கண்டதும் எல்லோரும் கானுக்குள் இறங்கி நின்றார்கள். கானில் தண்ணீர் ஓடியது. மருமகன் காரை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டான்; அவர்கள் ஏறிப் போகட்டும் என்று. ஒருவரும் ஏறவில்லை.

"நீங்க போங்க தொரை" என்றார் முன்னால் நின்ற பெண்.

மாமாவின் முகம் மாறியது. முப்பது வருடம் அந்தப் பாதையில் அவரை நானா என்று கூப்பிட்டவர்கள்.

"கண்ணாடிய எறக்கு மகன்" என்றார். இறக்கியதும் தலையை வெளியே நீட்டினார். "தொரயெல்லாம் இல்ல தங்கச்சி. நாங்க பஸார் ஆக்கள். மேல ஏறி வாங்க, நாங்க நிக்கிறம்."

அந்தப் பெண் குனிந்து உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அரிசி லொறி நானாவா?"