கியூஜிஐஎஸ் புதுப் பதிப்பு: உடனே மாறணுமா?

வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் நாலு மாசத்துக்கு ஒரு புதுப் பதிப்பு விடுகிறது. அலுவலக வேலைக்கு அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பே போதும் என்பது என் கட்சி. 2018 பிப்ரவரியில் 3.0 வந்தபோது பைத்தான் 2-லிருந்து 3-க்குத் தாவியதில், திருத்தி எழுதப்படாத பிளகின் எதுவும் அதில் ஓடவில்லை. அவற்றை நம்பியிருந்தவர்களுக்கு 2.18-தான் கதி.

'அப்படியென்றால் பழசிலேயே இருந்துவிடலாமே?' அதுவும் ஆகாது. இன்னொரு வரைபட மென்பொருளான ஆர்க்மேப்பைப் பாருங்கள்: அதற்கு 2026 மார்ச் 1-உடன் ஆதரவு முடிகிறது என்று அதை உருவாக்கிய எஸ்ரி நிறுவனம் பல வருஷம் முன்பே நாள் குறித்தது. கடைசி மாசத்தில் ஓடினால் பழைய ஸ்கிரிப்டுகளை மாற்றி எழுத யாருக்கு நேரம்? விண்டோஸில் கியூஜிஐஎஸ்ஸின் புதுப் பதிப்பைப் பழசுக்குப் பக்கத்திலேயே நிறுவலாம். ஆனால் 3.x பதிப்புகள் எல்லாம் ஒரே புரொஃபைலைத்தான் (பிளகின்கள் உட்பட) பகிர்ந்துகொள்ளும். ஆகவே சோதனைக்குத் தனி புரொஃபைல் திறந்து, புராஜெக்ட் கோப்பின் நகலில் மட்டும் கை வையுங்கள்.